பொட்டுக்காரர் நிற்காத இடம்

காகிதமும் மையும் கந்தகமும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் குடித்தனம் நடத்துகிற ஊர் ஒன்று சிவகாசிக்குத் தெற்கே உண்டு. அங்கே ஆடுகள் புல்லைவிடத் தாளைத்தான் ஆசையாகத் தின்னும். அலமாரிக்கு விரித்த தாளில் முருகனுக்கு இரண்டு மூக்கு இருக்கும், செவ்வாய்க்கிழமையே இல்லாத காலண்டரை மாட்டிக்கொண்டு ஜனங்கள் ஒரு குறையும் சொல்லாமல் வருசத்தை ஓட்டிவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் அச்சடித்த தாளிலிருந்து ஒரு மிருகம் எழுந்து தெருவுக்கு வந்தது என்றால் அதற்காக யாராவது கடையை அடைப்பார்களா? மை காயாத காலோடு நடக்கிறதே, வாசல் தெளித்துக் கோலம் போட்ட இடமெல்லாம் நீலமாகிறதே என்றுதான் பெண்டுகளுக்குக் கோபம் வந்தது. மண்ணெண்ணெய் நனைத்த துணியை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே துடைத்துக்கொண்டு போனார்கள்.

அது வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ரத்தினவேல் அண்ணாச்சியின் அச்சகத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு வேலை வந்தது. பிள்ளைகளுக்கான படக்கதைப் புத்தகம். கணக்கென்றால் நடுங்குகிற ஒரு சிறுமி, பக்கத்துக்குப் பக்கம் அவளைத் துரத்துகிற ஒரு மிருகம், கடைசியில் அவள் திரும்பி நின்று அதன் காதைப் பிடிக்கிறாள், அதுதான் கதை. படம் போட்டவர் தங்கப்பழம், ஆயுசு முழுக்கப் பட்டாசு லேபிளுக்குப் புலியும் மயிலும் போட்டவர். இந்தப் பயத்துக்கு என்ன முகம் என்று தெரியாமல் தெருப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுக் கேட்டார். ஒருத்தன் வௌவால் காது என்றான், ஒருத்தி சாக்பீஸ் தின்று உப்பின வயிறு என்றாள், இன்னொருத்தன் வாலில் கேள்விக்குறி இருக்கும் என்றான். எல்லாவற்றையும் ஒட்டவைத்து ஒரு மிருகம் செய்தார். அவர் தங்கச்சி மகள் வெயிலாட்சியிடமும் கேட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை.

அந்த அச்சகத்தில் ஒரு வழக்கம். புது வேலை எதுவானாலும், நாலு கலரும் ஏறி வருகிற முதல் தாளைப் பிள்ளையார் மாடத்துக்கு முன்னால் விரித்துக் குங்குமம் வைப்பார்கள். வருசம் பூரா சாமி காலண்டர் அடிக்கிற இடம் ஆனதால், குங்குமம் தாளின் ஓரத்தில் போகாது, படத்தில் இருக்கிற சாமியின் நெற்றிக்கே போகும். வைக்கிறவள் பவுன்தாய், தங்கப்பழத்தின் தங்கச்சி, மடிப்புக் கூடத்தில் தாள் மடிக்கிறவள். அன்றைக்கு அவளுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை, காரணத்தைப் பிறகு சொல்கிறேன். என்ன படம் என்று பார்க்காமலே கையை நீட்டினாள், கை பழகின இடத்துக்குப் போனது, மிருகத்தின் நெற்றியில் பொட்டு விழுந்தது. பொட்டு வைத்துக் கும்பிட்டால் எழுந்திருக்கத்தானே செய்யும். எழுந்தது, சோம்பல் முறித்தது, மேசையிலிருந்து இறங்கி வாசல் வழியே போனது. மெஷின் ஓட்டுகிற சுடலைமணி, வேலை தொடங்கும்போதே கலர் கோட்டைவிட்டு விலகியிருந்ததே, இப்படியே வெளியே போகிறதே என்று மட்டும் வருத்தப்பட்டார். அவர் சொன்னது சரிதான். அந்த மிருகத்தின் கறுப்புக் கோடு முன்னால் நடக்கும், அரை விரல் பின்னால் மஞ்சளும் நீலமும் ஓட்டமும் நடையுமாக வந்து சேரும்.

அதற்குப் பிறகு அச்சில் ஏறின தாளிலெல்லாம் மிருகம் இருக்கவேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. சிறுமி ஓடுகிறாள், பின்னால் வெள்ளை. சிறுமி கட்டிலுக்கடியில் ஒளிகிறாள், கட்டில்மேல் வெள்ளை. தகட்டை மாற்றிப் பார்த்தார்கள், மையை மாற்றிப் பார்த்தார்கள், வெள்ளை வெள்ளையாகவே வந்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் புத்தகம் போய்ச் சேரவேண்டும். ரத்தினவேல் அண்ணாச்சி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஆள் வெளியே சுற்றிக்கொண்டிருக்கும்போது படத்தில் எப்படி இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஆள் வெளியே என்ன செய்தது என்றால், யாரையும் கடிக்கவில்லை, முட்டவில்லை. யாருக்கு மனசுக்குள் கணக்கு உதைக்கிறதோ அவர் பின்னால் போய் நின்றது. நின்று, பிடரியில் மூச்சு விட்டது. மூச்சு வெதுவெதுப்பாக, மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசத்தோடு இருக்கும். கல்யாண வீட்டில் சமையல்காரர் இத்தனை பேருக்கு எத்தனை படி அரிசி என்று விரலை மடக்கினால் வந்து நிற்கும். தையல்காரர் ஜாக்கெட் துணியை அளக்கும்போது வந்து நிற்கும், அதற்கப்புறம்தான் ஊர்ப் பெண்களுக்குத் தங்கள் ஜாக்கெட் கை ஏன் எப்போதும் இறுக்கமாக இருந்தது என்று புரிந்தது. பஞ்சாயத்துத் தலைவர் புள்ளிவிவரம் சொல்லிக்கொண்டிருந்த மேடைக்கே ஏறிவிட்டது. முழம் போட்டுப் பூ விற்கிற இருளாயி பக்கம் மட்டும் போகவில்லை. அவளுக்குக் கை தெரியும், கணக்கு தெரியவேண்டியதில்லை.

பெரிய வேடிக்கை ஜோசியர் விஷயத்தில்தான். தசையும் புத்தியும் போட்டுக் கூட்டிக் கழித்துச் சொல்கிறவர், ஊரே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒருநாள் ஒரு பெண்ணுக்குச் சாதகம் பார்த்துக்கொண்டிருக்கையில் மிருகம் உள்ளே போய் அவர் பின்னால் நின்றது. வந்த ஜனங்கள் அதைப் பார்த்தார்கள், அவரும் அவர்கள் பார்த்ததைப் பார்த்தார். பேனாவை மூடிவைத்துவிட்டு, "சரிம்மா, பையன் நல்ல பையனா? உனக்குப் பிடிச்சிருக்கா? அப்பக் கட்டிக்க" என்றார். அன்றிலிருந்து அவரிடம் கூட்டம் இரண்டு பங்கானது.

பெயர் இல்லாமல் எத்தனை நாள் கூப்பிடுவது? நெற்றியில் குங்குமம் இருப்பதால் மரியாதையாகப் பொட்டுக்காரர் என்றார்கள். பொட்டுக்காரர் வந்துட்டாரு, கொஞ்சம் தள்ளி நில்லுங்க மதினி, சேலையில மை ஒட்டிரும் என்பது எங்கள் ஊரில் சாதாரணப் பேச்சாகிவிட்டது. டீக்கடையில் அவருக்கென்று ஒரு சாக்கு விரித்துவைத்தார்கள். சின்னப் பிள்ளைகள் வயிற்றில் சாய்ந்து தூங்கின. முதலில் கூச்சமாக இருந்தவர்களுக்கு, ஊரில் பாதிப்பேர் பின்னால் அவர் நிற்பதைப் பார்த்ததும் கூச்சம் கழன்றுவிட்டது. எனக்கும் வரமாட்டேங்குதுப்பா என்று ஒருத்தரிடம் ஒருத்தர் சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார்கள். சொன்ன பிறகு இரண்டு தலையும் சேர்ந்து அந்தக் கணக்கைப் போட்டன. சரியாகவும் வந்தது, தப்பாகவும் வந்தது.

பொட்டுக்காரர் நிற்காத இடம் ஒன்று இருந்தது. அது வெயிலாட்சியின் பின்னால்.

பவுன்தாயின் மனசு ஒரு நிலையில் இல்லை என்றேனே, அதற்குக் காரணம் இந்தப் பிள்ளைதான். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதுக்கு பஸ் ஏறி டவுன் பள்ளிக்கூடம் போகவேண்டும். பரீட்சை முடிந்த அன்றைக்கே வெயிலு தாயிடம் சொல்லிவிட்டாள், எனக்குக் கணக்கு வராது, நான் போகல, உன்கூட மடிக்க வர்றேன் என்று. மடிப்புக் கூடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வளைந்த பவுன்தாய், தன் பக்கத்தில் இன்னொரு சின்ன முதுகு வளைவதை நினைத்துப் பார்த்தாள், அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், தங்கப்பழத்தைவிட்டுப் பேசச் சொன்னாள். பிள்ளை கல்லாகிவிட்டது.

பொட்டுக்காரர் வந்து இத்தனை நாளாகியும் வெயிலுவின் பின்னால் ஒருநாளும் நிற்கவில்லை என்றதும் பேச்சு வேறு மாதிரி ஆனது. பயமே இல்லையாம், பிறகு எதுக்குப் பள்ளிக்கூடம் போகமாட்டேங்கா, சோம்பேறித்தனம்தான் என்று தெருவில் சொன்னார்கள். பவுன்தாய்க்கும் அப்படித்தான் தோன்றியது. ஒருநாள் பொட்டுக்காரரின் காதைப் பிடித்து இழுத்துவந்து மகளுக்குப் பின்னால் நிறுத்தியே பார்த்தாள். அவர் வெயிலுவை ஒரு தடவை மோந்து பார்த்தார், ஆள் தெரியாதவர் வீட்டுக்கு வந்துவிட்டவர் மாதிரி சங்கடப்பட்டுக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். தாய்க்காரி, பாத்தியா என்றாள். வெயிலு அழவில்லை. பயம் இருக்கிறவர்களெல்லாம் ஊரில் ஒரு கூட்டமாகச் சேர்ந்து சிரித்துக்கொண்டிருக்க, தான் மட்டும் அதிலும் சேராமல் தனியாக நிற்பதுபோல் நின்றாள்.

லீவு நாளில் வீட்டில் தனியாக விடமுடியாமல் பவுன்தாய் அவளைக் கூடத்துக்குக் கூட்டிவருவாள். அண்ணாச்சி கண்டிப்பானவர், பிள்ளை தாளில் கைவைக்கக்கூடாது, ஓரமாக உட்காரலாம் என்றார். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், பெண்களெல்லாம் தூக்குவாளியைத் திறந்து சாப்பிடப் போனபோது, வெயிலு கழிவாகிப்போன தாள் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அந்த வெள்ளை இடத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சுவரில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து வரைய ஆரம்பித்தாள். மாமனின் கை அவளுக்கும் இருந்தது. தாய் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது வெள்ளை இடம் நிரம்பியிருந்தது. மிருகம் எதுவும் இல்லை. வரிசை வரிசையாக ரெட்டை ஜடைகள், சட்டைக் காலர்கள், அதற்குமேல் முறுக்கித் திரும்பின கழுத்துகள். வகுப்பு முழுக்கக் கழுத்துகள்.

என்னத்தா இது என்று கேட்டாள் பவுன்தாய்.

வெயிலு தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "டீச்சர் என் பேரைச் சொல்லுவாங்க. நான் கடைசி பெஞ்சு. எந்திரிப்பேன். ஒடனே எல்லாக் கழுத்தும் திரும்பும்மா. அப்புறம் எனக்கு அது மட்டுந்தான் தெரியும். கணக்கு வராதுன்னு எல்லாரும் சொல்றாங்க, நானும் சொல்லிட்டேன். கணக்கை நான் இன்னும் பாக்கவே இல்லம்மா."

பவுன்தாய் தாளை வாங்கிப் பார்த்தாள். கூடத்துப் பெண்கள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி, எனக்கு ஒன்று தா என்று கழிவுத் தாள் கேட்டாள். அவள் பெஞ்சுமேல் நிற்கவைத்த தன் காலை வரைந்தாள். காலுக்கு விரல் ஆறு வந்துவிட்டது, யாரும் சொல்லவில்லை. இன்னொருத்தி தகப்பனின் பெல்ட்டை வரைந்தாள். ஒருத்தி வெறும் கோடுகளாகப் போட்டுவிட்டு, இது எங்க அண்ணன் சிரிக்கிற சத்தம் என்றாள். அன்றைக்கு மத்தியானம் மடிப்பு வேலை நடக்கவில்லை. அண்ணாச்சி சத்தம் போட வந்தவர், வந்த இடத்தில் நின்று பார்த்துவிட்டுத் தனக்கும் ஒரு தாள் எடுத்துக்கொண்டார். அவர் என்ன வரைந்தார் என்று யாருக்கும் காட்டவில்லை.

சாயங்காலம் ஜெபமணி டீச்சர் வந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கணக்கு டீச்சர். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பிள்ளைகள் போட்டுப் பார்க்க சில கணக்குகள் இருந்தன, விடையெல்லாம் சரியா என்று பார்த்துக்கொடுக்க அண்ணாச்சி கூப்பிட்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்ததும், டீக்கடையில் தூங்கிக்கொண்டிருந்த பொட்டுக்காரர் எழுந்து நிதானமாக நடந்து வந்து, டீச்சரின் பின்னால் நின்றார். கறுப்புக் கோடு முதலில் நின்றது, மஞ்சளும் நீலமும் மூச்சுவாங்க வந்து சேர்ந்தன. கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. டீச்சர் திரும்பவில்லை.

"வந்துட்டீரா," என்றாள். "உக்காரும். வேலைக்குச் சேந்த நாளிலேருந்து பின்னாலதானே நிக்கீரு. இன்னைக்கென்ன புதுசா?"

பொட்டுக்காரர் உட்கார்ந்தார். டீச்சர் கணக்குகளைப் பார்த்து முடித்து, ஒன்றை அடித்துத் திருத்தி, பிறகு அந்தத் திருத்தலையும் அடித்து, பழையபடி இருக்கட்டும் என்று எழுதினாள். எழுந்திருக்கும்போது மேசையில் கிடந்த வெயிலுவின் தாள் கண்ணில் பட்டது. கையில் எடுத்தாள். நாற்காலியில் மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். யார் வரைந்தது என்று கேட்கவில்லை, ஜடையில் கட்டியிருந்த ரிப்பனைப் பார்த்தே எந்த வகுப்பு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஓரத்தில் இருந்த பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"வெயிலு, நான் போர்டுகிட்ட நிப்பேன்ல. வகுப்பு பூரா என்னையே பாத்துக்கிட்டிருக்கும். போட்டுட்டு வர்ற கணக்கு பாதியில எனக்கே நின்னு போயிரும். அப்பக் கடைசி பெஞ்சுல ஒரு பேரைச் சொல்லுவேன். எல்லாக் கழுத்தும் அந்தப் பக்கம் திரும்பும். அப்பத்தான் எனக்கு மூச்சு வரும். அதுக்குள்ள போர்டைப் பாத்துச் சரிபண்ணிக்கிடுவேன்." தாளைக் காட்டினாள். "உன் பேரு சொல்ல லேசா இருந்துச்சு. அவ்வளவுதான் தாயி."

கோபப்பட வேண்டியதா என்று வெயிலுவுக்குத் தெரியவில்லை. பிறகு, "அப்பக் கணக்கு, டீச்சர்?" என்று கேட்டாள்.

"அது பாவம், போர்டுல அது பாட்டுக்குக் கெடந்துச்சு. நீயும் பாக்கல. நானும் ஒழுங்கா பாக்கல."

முதலில் சிரித்தது இருளாயிதான், பூக்கூடையோடு வாசலில் நின்றவள். அப்புறம் கூடம் முழுக்கச் சிரித்தது, டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள், வெயிலு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பவுன்தாய் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்துவிட்டால் மகள் மனசில் அசைந்த ஏதோ ஒன்று மறுபடி இறுகிவிடுமோ என்று தாள்கட்டு ஒன்றை எடுத்து மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

புத்தகம் வெள்ளை இடத்தோடேயே போகட்டும் என்று அண்ணாச்சி முடிவுசெய்தார். சென்னைக்குப் போன்போட்டுச் சொன்னார். அந்தப் பக்கம் பேசின அம்மா முதலில் கோபப்பட்டாராம். வெயிலுவின் தாளைப் போட்டோ பிடித்து அனுப்பின பிறகு அந்த அம்மாவே தன் பள்ளிக்கூடத்துக் கதை ஒன்றைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாராம், அண்ணாச்சிக்குக் காது சூடாகும்வரை. தங்கப்பழம் முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தார்: துரத்துவது யாரென்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் வரைந்துகொள்ளவும். சுடலைமணி கலர் விலகாமல் ஓட்டிக்கொடுத்தார். முதல் தாளுக்குக் குங்குமம் வைக்கையில் பவுன்தாய் இந்தத் தடவை நன்றாகப் பார்த்து, ஓரத்தில் வைத்தாள்.

பொட்டுக்காரர் ஊரிலேயே தங்கிவிட்டார். மை காய்ந்துவிட்டது, காலடி பதிவதில்லை. அவரவர் பயத்துக்கு அவரவர் முகம் வரைந்துகொண்டதால் வேலை குறைந்து, வயிறு கொஞ்சம் பெருத்துவிட்டார். ஆயுத பூஜைக்கு மெஷினுக்கு வைத்த சந்தனத்தில் மிச்சத்தை அவர் முதுகிலும் தடவினார்கள் என்றால் அவர் எங்களில் ஒருத்தராகிவிட்டார் என்றுதானே அர்த்தம்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அதற்கு முன்னால் ஆனி வந்தது, பள்ளிக்கூடம் திறந்தது. போகிறேன் என்றும் வெயிலு சொல்லவில்லை, போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அன்றைக்குக் காலையில் பவுன்தாய் எதுவும் கேட்காமல் தலைவாரி விட்டாள், சாப்பாட்டு டப்பாவை மூடினாள், பஸ் நிறுத்தம்வரை கூட வந்தாள். பஸ் வந்தது. வெயிலு ஏறினாள். தாய் பெருமூச்சு விடக்கூட மறந்து, பஸ் திரும்பின முக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ வந்து தோளைத் தொடும்வரை.

டவுன் பள்ளிக்கூடம் பெரியது, தெரிந்த முகம் ஒன்றுமில்லை. உயரமான பிள்ளை என்று வெயிலுவை இங்கேயும் கடைசி பெஞ்சில் போட்டார்கள். சில நாள் யாரும் அவள் பேரைச் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் புது டீச்சர் போர்டில் ஒரு கணக்கைப் பாதி போட்டுவிட்டு, வருகைப் பதிவைப் பார்த்து, வெயிலாட்சி யாரு என்று கேட்டாள்.

எழுந்தாள். கழுத்துகள் திரும்பின. காதுக்குள் எப்போதும்போல் காற்று அடித்தது. அவள் அந்தக் கழுத்துகளைப் பார்த்தாள். முன்னெல்லாம் கழுத்தோடு நின்றுவிடுகிற பார்வை, வரைந்து பழகினதாலோ என்னவோ, மேலே ஏறி முகத்துக்குப் போனது. முன்வரிசைக்காரி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அடுத்தவள் உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், சாமி பேர்போல இருந்தது. சன்னலோரத்துக்காரி, அப்பாடா நான் இல்லை என்று முகத்திலேயே எழுதி வைத்திருந்தாள். ஒருத்தி முகத்திலும் சிரிப்பு இல்லை.

"எனக்கு விளங்கல, டீச்சர்," என்றாள் வெயிலு. சத்தம் சின்னதுதான், ஆனால் வெளியே வந்துவிட்டது. "மொதல்லேருந்து சொல்றீங்களா?"

வகுப்பில் அங்கங்கே மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. எனக்கும் டீச்சர் என்று ஒரு குரல் வந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. டீச்சர் போர்டை அழித்தாள், புது சாக்பீஸ் எடுத்தாள், முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாள். கழுத்துகள் எல்லாம் முன்னால் திரும்பின. அவை திரும்பின இடைவெளியில், ஜடைகளுக்கும் காலர்களுக்கும் அந்தப் பக்கம், பச்சைப் போர்டில் வெள்ளையாக, சத்தமில்லாமல், கணக்கு இருந்தது. வெயிலு அதை முதல் தடவையாகப் பார்த்தாள்.

அன்றைக்கு அதைத் தப்பாகத்தான் போட்டாள். சாயங்காலம் வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே, நடுவில் ஒரு கழித்தல் குறியை விட்டுட்டேன்ம்மா, அதான் போச்சு, நாளைக்கு இன்னொன்னு தர்றாங்களாம் என்று சொன்னாள், மழை வந்தது என்று சொல்கிற மாதிரி. பவுன்தாய்க்குக் கழித்தல் குறி எங்கே போனது என்றெல்லாம் விளங்கவில்லை. குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்டாள். ஊத்தும்மா என்றாள் மகள். இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.